ஜப்பானிய மொழியின் இடைச்சொற்கள்: தமிழ் உருபுகள் வழியே ஒரு முழுமையான வழிகாட்டி

'நூலகத்தில் இருக்கிறேன்', 'நூலகத்தில் படிக்கிறேன்'. நமக்கு இரண்டிலும் ஒரே 'இல்'. ஜப்பானியத்தில் முதல் வாக்கியத்துக்கு 'நி' வரும், இரண்டாவதற்கு 'டெ' வரும். மாற்றிப் போட்டால் கேட்பவருக்கு அர்த்தம் புரிந்துவிடும், ஆனால் வாக்கியம் தவறு.

ஜப்பானியம் படிக்கத் தொடங்கிய நண்பர்கள் சிலருக்கு வார இறுதிகளில் உதவி வருகிறேன். தமிழும் ஜப்பானியமும் பொருந்தும் இடங்களில் அவர்கள் வேகமாகப் போகிறார்கள். நம்முடைய ஒரு உருபு அங்கே இரண்டாகப் பிரியும் இடங்களில் எல்லோரும் ஒரே மாதிரி தடுக்கி விழுகிறார்கள். அந்த இடங்களை முன்கூட்டியே காட்டிவிட்டால் பாதி சிரமம் குறையும் என்பதால், எந்த வரிசையில் கற்றால் எளிது என்று பார்த்து இதை எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

ஜப்பானிய எழுத்து வகைகளில் ஒன்றான ஹிரகானாவின் 46 அடிப்படை எழுத்துகளைத் தடுமாறாமல் படிக்கத் தெரிய வேண்டும். நி, டெ போன்ற இடைச்சொற்கள் எல்லாமே ஹிரகானாவில்தான் எழுதப்படுகின்றன. அதோடு இருபது வினைச்சொற்களாவது மனதில் இருக்க வேண்டும். வினை தெரியாமல் இடைச்சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தால் அது ஒட்டாது. காரணத்தை மூன்றாவது படியில் சொல்கிறேன்.

இந்தக் கட்டுரையில் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். குறில் என்றால் குறில், நெடில் என்றால் நெடில். எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு நம் எழுத்திலேயே இருப்பது பெரிய வசதி. 'டெ' என்பதை டெல்லியின் முதல் ஒலி போலவும், 'தொ' என்பதைத் 'தொடு' போலவும் படியுங்கள்.

ஒரே ஒரு சிக்கல் 'க'. பெயருக்குப் பின்னால் ஒட்டி வரும் 'க', 'தங்கம்' என்பதில் வரும் மெல்லிய ஒலி. வாக்கியக் கடைசியில் கேள்விக்காக வரும் 'க', 'கல்' என்பதில் வரும் வல்லொலி. ஹிரகானாவில் இரண்டும் வெவ்வேறு எழுத்துகள்.

இடைச்சொல்லை முந்தைய சொல்லோடு சேர்த்தே உச்சரிக்க வேண்டும். மூச்சு விடுவதானால் அதற்குப் பிறகுதான். 'வதஷி... வ' என்று இடைவெளி விடுவது புதியவர்களிடம் நான் அடிக்கடி கேட்பது. 'மரத்... தில்' என்று நாம் பிரிக்க மாட்டோம் அல்லவா, அப்படித்தான் இதுவும். அதனால்தான் இங்கே சிறு கோடு போட்டு ஒட்டியே எழுதுகிறேன்.

2. எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று

மூன்று இடைச்சொற்களை முதல் நாளே தீர்த்துவிடுங்கள். 'ஹ' என்ற எழுத்தை எழுதி 'வ' என்று படிக்க வேண்டும். 'ஹெ' என்று எழுதி 'எ' என்று படிக்க வேண்டும். 'ஒ' என்ற இடைச்சொல்லுக்கு வழக்கமான ஒகரம் வராது. அதற்கென்று தனி எழுத்து இருக்கிறது.

தட்டச்சு செய்யும்போதுதான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. காதில் கேட்டபடி அடித்தால் தவறான எழுத்து விழும். இடைச்சொல் 'வ' வேண்டுமானால் விசைப்பலகையில் 'ஹ'வுக்கான எழுத்துகளைத்தான் தட்ட வேண்டும்.

அந்தத் தனி 'ஒ' எழுத்து இன்றைய எழுத்துவழக்கில் ஏறக்குறைய இடைச்சொல்லாக மட்டுமே வருகிறது. ஜப்பானியத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி விடுவதில்லை என்பதால், நீண்ட வரியில் இந்த எழுத்தைக் கண்டால் நிம்மதி. அதற்கு முன் ஒரு பெயர்ச்சொல் முடிந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

3. கடைசியில் இருக்கும் வினையை முதலில் பாருங்கள்

இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் வினை கடைசியில் வரும். இடைச்சொல் முன்னால் வந்தாலும் அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி வினைதான்.

ரயிலையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானியத்தில் 'டென்ஷ'.

டென்ஷ-க குரு: ரயில் வருகிறது.
டென்ஷ-நி நொரு: ரயிலில் ஏறுகிறேன்.
டென்ஷ-டெ இகு: ரயிலில் போகிறேன்.
டென்ஷ-ஒ ஒரிரு: ரயிலிலிருந்து இறங்குகிறேன்.

பெயர்ச்சொல் மாறவே இல்லை. வினை மாற மாற இடைச்சொல் மாறிக்கொண்டே போகிறது. நடுவில் இருக்கும் இரண்டும் தமிழில் 'ரயிலில்'தான் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே குறிப்பேட்டில் 'நொரு: ஏறு' என்று எழுதாதீர்கள். '-நி நொரு: -இல் ஏறு' என்று எழுதுங்கள். வினையை அதன் இடைச்சொல்லோடு ஒரே சொல்லாக மனதில் ஏற்றிவிட்டால், பேசும்போது விதியைத் தேட வேண்டிய அவசியம் வராது.

4. 'ஒ': நம் 'ஐ', கொஞ்சம் அகலமானது

ஒச்ச-ஒ நொமு, தேநீரைக் குடிக்கிறேன். ஹொன்-ஒ யொமு, புத்தகத்தைப் படிக்கிறேன். இரண்டாம் வேற்றுமை அப்படியே பொருந்துகிறது. ஒரு சின்ன வேறுபாடு: தமிழில் 'தேநீர் குடித்தேன்' என்று உருபைத் தொகையாக விட்டுவிடுகிறோம். தொடக்கத்தில் ஜப்பானியத்தில் அப்படி விடாதீர்கள். பேச்சில் அவர்களும் விடுவார்கள், ஆனால் எங்கே விடலாம் என்பது பழகப் பழகத்தான் தெரியும்.

கடந்து செல்லும் இடத்துக்கும் 'ஒ' வரும். ஹஷி-ஒ வதரு, பாலத்தைக் கடக்கிறேன். இங்கும் 'ஐ' பொருந்துகிறது. இஎ-ஒ டெரு என்றால் வீட்டை விட்டுப் புறப்படுகிறேன். அந்த 'வீட்டை' என்பதைப் பிடித்துக்கொண்டால் மறக்காது. ரயிலிலிருந்து இறங்குவதற்கும் இதே வழிதான்: ரயிலை விட்டு இறங்குகிறேன், டென்ஷ-ஒ ஒரிரு.

கோஎன்-ஒ அருகு என்பது பூங்கா வழியே நடப்பது. இதில் மட்டும் நம் 'பூங்காவில்' உதவாது.

தமிழ் நம்மைத் தவறாக வழிநடத்தும் வினைகளும் உண்டு. நண்பனைச் சந்தித்தேன் என்று நினைத்து 'தொமொடச்சி-ஒ' என்று தொடங்காதவரே இல்லை. சரியானது தொமொடச்சி-நி அவு. ஒன்றைத் தொடுவதற்கும், அதாவது 'ஸவரு' என்ற வினைக்கும், 'நி'தான். மறுபக்கம், அம்மாவுக்கு உதவுகிறேன் என்பதில் நமக்கு 'கு' வருகிறது. அவர்களுக்கு 'ஒ' வருகிறது: ஹஹ-ஒ தெத்ஸுடவு. இந்த மூன்றையும் தனியாக எழுதிச் சுவரில் ஒட்டினாலும் தகும்.

5. 'நி'யும் 'டெ'யும்: அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம்

நம் 'இல்' இங்கே இரண்டாகப் பிரிகிறது. பாடநூல்கள் 'இருப்புக்கு நி, செயலுக்கு டெ' என்று ஒரு வரியில் சொல்லிவிடும். முதல் வாரத்துக்கு அது போதும். தொஷொகன்-நி இரு, நூலகத்தில் இருக்கிறேன். தொஷொகன்-டெ பென்க்யோ ஸுரு, நூலகத்தில் படிக்கிறேன்.

ஆனால் இரண்டாவது வாரமே இந்த விதி உடையும். நாற்காலியில் உட்காருகிறேன் என்பது செயல்தானே, 'டெ' போடலாமா? கூடாது. இஸு-நி ஸுவரு. தாளில் பெயர் எழுதுகிறேன் என்பதும் செயல்தான். அங்கும் கமி-நி நமஎ-ஒ ககு.

அதனால் நான் வேறு மாதிரி சொல்லிக்கொடுக்கிறேன். 'நி' ஒரு புள்ளி. ஏதோ ஒன்று அங்கே போய்ச் சேர்கிறது, அல்லது ஏற்கெனவே அங்கே ஒட்டியிருக்கிறது. 'டெ' ஒரு களம். அதற்குள் ஒரு வேலை நடக்கிறது. உட்காரும்போது உடல் நாற்காலியில் போய்ச் சேர்கிறது. எழுதும்போது பெயர் தாளில் போய் ஒட்டுகிறது. அறைக்குள் நுழைந்தால், ரயிலில் ஏறினால், தோட்டத்தில் மரம் நட்டால் எல்லாம் சேரும் புள்ளிதான், எல்லாவற்றுக்கும் 'நி'. தோட்டத்தில் விளையாடினால் எதுவும் எங்கும் போய் ஒட்டவில்லை. தோட்டம் வெறும் களம். அங்கே 'டெ'.

இந்தப் படத்தை வைத்துக்கொண்டால் ஒரு கடினமான ஜோடியும் விளங்கும். நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன் என்பதை இரண்டு விதமாகச் சொல்லலாம்: கைஷ-டெ ஹதரகு, கைஷ-நி த்ஸுதொமெரு. முதலாவது அங்கே நடக்கும் உழைப்பைச் சொல்கிறது. இரண்டாவது அந்த நிறுவனத்தோடு எனக்குள்ள ஒட்டுதலைச் சொல்கிறது. ஓஸக-நி ஸுன்டெ இரு, ஓசகாவில் வசிக்கிறேன் என்பதும் இப்படி ஒட்டியிருப்பதுதான்.

இன்னொரு பொறி. 'நாளை அலுவலகத்தில் கூட்டம் இருக்கிறது.' இருக்கிறது என்று வந்துவிட்டதால் எல்லோரும் 'நி' போடுகிறார்கள். சரியானது கைஷ-டெ கைகி-க அரு. கூட்டம் ஒரு பொருள் அல்ல, ஒரு நிகழ்ச்சி. அது அங்கே 'நடக்கிறது'. சந்தேகம் வந்தால் 'இருக்கிறது' என்பதை எடுத்துவிட்டு 'நடக்கிறது' என்று போட்டுப் பாருங்கள். பொருள் கெடவில்லை என்றால் 'டெ'. மேசையில் புத்தகம் நடக்காது, அலுவலகத்தில் கூட்டம் நடக்கும்.

களத்தைத் தாண்டி 'டெ'வுக்கு இன்னொரு வேலையும் உண்டு: எதைக் கொண்டு, எதனால். ஹஷி-டெ தபெரு, குச்சிகளால் சாப்பிடுகிறேன். (பாலத்துக்கும் இந்தக் குச்சிக்கும் 'ஹஷி'தான், டோக்கியோ பேச்சில் சுருதி ஏறி இறங்கும் விதம் மட்டும் வேறு.) நிஹொங்கொ-டெ ஹனஸு, ஜப்பானிய மொழியில் பேசுகிறேன். ப்யோகி-டெ யஸுமு, நோயால் விடுப்பு எடுக்கிறேன். நம் மூன்றாம் வேற்றுமை 'ஆல்' இங்கே நன்றாகக் கைகொடுக்கிறது.

ஆனால் செயப்பாட்டு வினையில் அந்த 'ஆல்' ஏமாற்றிவிடும். நாயால் கடிக்கப்பட்டேன் என்பது இனு-நி கமரெத. செய்தவருக்கு 'நி', கருவிக்கும் காரணத்துக்கும் 'டெ' என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுப்பது, வாங்குவது இரண்டிலும் 'நி' வருவதை ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் விசித்திரமாகப் பார்ப்பார்கள். நமக்கு அதில் விசித்திரம் எதுவும் இல்லை. 'அவரிடம் கொடுத்தேன்', 'அவரிடம் வாங்கினேன்', இரண்டிலும் ஒரே 'இடம்'தானே. தொமொடச்சி-நி அகெரு, நண்பனிடம் கொடுக்கிறேன். தொமொடச்சி-நி மொரவு, நண்பனிடம் வாங்குகிறேன்.

கடைசியாக 'நரு', அதாவது ஆகு. மருத்துவர் ஆகிறேன் என்பதில் நமக்கு உருபு இல்லை. அவர்களுக்கு இஷ-நி நரு. இதுவும் போய்ச் சேரும் புள்ளிதான், மருத்துவர் என்ற நிலைக்கு.

6. நேரத்துக்கு 'நி' எப்போது, எப்போது வேண்டாம்

ஏழு மணிக்கு என்பது ஷிச்சிஜி-நி. நேற்று, இன்று, நாளை, தினமும் என்பவற்றுக்கு நாம் உருபு சேர்ப்பதில்லை, அவர்களும் சேர்ப்பதில்லை. 'கினோ-நி' என்று சொல்வது தவறு. கடிகாரத்திலோ நாட்காட்டியிலோ விரல் வைத்துக் காட்டக்கூடிய நேரத்துக்கு 'நி', இப்போதிலிருந்து கணக்கிடும் நேரத்துக்கு ஒன்றும் வேண்டாம்.

வேறுபடும் இடம் கிழமை. 'திங்கட்கிழமை வருகிறேன்' என்று நாம் வெறுமனே சொல்வோம். ஜப்பானியத்தில் கெத்ஸுயோபி-நி என்று பெரும்பாலும் 'நி' சேர்ப்பார்கள். மாதத்துக்கும் ஆண்டுக்கும் நமக்கு 'இல்', அவர்களுக்கு அங்கும் 'நி'தான்.

7. சீக்கிரம் முடியும் ஐந்து: எ, கர, மடெ, தொ, யொரி

'எ' என்பது திசை. போகிறேன், வருகிறேன் போன்ற வினைகளோடு 'நி'க்குப் பதிலாக வரும். தொடக்கத்தில் 'நி' ஒன்றையே பயன்படுத்துங்கள். 'எ'யைப் படித்தால் புரிந்தால் போதும்.

'கர' என்பது இலிருந்து, 'மடெ' என்பது வரை. ஈழத்துப் பேச்சில் 'வரை' என்ற பொருளில் வரும் 'மட்டும்' தெரிந்தவர்களுக்கு 'மடெ' மறக்கவே மறக்காது. ஒலி ஒற்றுமை தற்செயல்தான், நினைவுக்கு உதவும். முழு வாக்கியத்தின் பின்னால் 'கர' வந்தால் 'ஆகையால்' என்று பொருள் மாறும். பெயருக்குப் பின் 'இலிருந்து', வாக்கியத்துக்குப் பின் 'ஆகையால்'.

'தொ'வுக்கு மூன்று வேலை. ஒன்று 'ஓடு': தொமொடச்சி-தொ இகு, நண்பனோடு போகிறேன். இரண்டு, பெயர்களை இணைப்பது: பன்-தொ தமகொ, ரொட்டியும் முட்டையும். இன்னும் சில இருக்கின்றன என்று தொனிக்க வேண்டுமானால் 'தொ'வுக்குப் பதில் 'ய'. மூன்றாவது நம் 'என்று': குரு-தொ இத்த, வருவேன் என்று சொன்னான். 'என்று' வரும் பெரும்பாலான இடங்களில் 'தொ' போடலாம். ஆங்கிலத்தை நடுவில் கொண்டுவராமல் இருந்தால் போதும்.

வினைகளை இணைக்க மட்டும் 'தொ'வைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு 'தெ' என்று முடியும் வினை வடிவம் இருக்கிறது, நம் 'செய்து' என்னும் வினையெச்சம் போல.

'யொரி' என்பது 'விட'. இனு-யொரி நெகொ-க ஸுகி, நாயைவிடப் பூனை பிடிக்கும்.

8. 'நொ': நாம் விட்டுவிடும் இடத்திலும் வேண்டும்

வதஷி-நொ ஹொன், என்னுடைய புத்தகம். இதில் யாருக்கும் சிக்கல் இல்லை. 'ஜப்பான் கார்', 'ஜப்பானிய மொழி ஆசிரியர்' என்று நாம் பெயர்களை அப்படியே அடுக்கும் இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். அங்கும் நடுவில் 'நொ' வேண்டும்: நிஹொன்-நொ குரும, நிஹொங்கொ-நொ ஸென்ஸே.

மேல், கீழ், முன், பின் போன்ற இடப்பெயர்களுக்கு முன்பும் 'நொ'. வீட்டுக்கு முன்னால் என்று நமக்கு 'கு' வருவதால் 'இஎ-நி மஎ' என்று சொல்லிவிடுகிறார்கள். இஎ-நொ மஎ என்பதுதான் சரி. 'வீட்டின் முன்' என்று மனதுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள், தானாகச் சரியாகும்.

எதிர்த் தவறும் உண்டு. 'இ' என்று முடியும் பெயரடைகளுக்குப் பின் 'நொ' போடக் கூடாது. சீஸை மிஸெ, சின்னக் கடை. அவ்வளவுதான்.

9. 'மொ': நம் 'உம்', ஒரு கட்டுப்பாட்டோடு

நானும் என்பது வதஷி-மொ. வீட்டிலும் என்பது இஎ-நி-மொ அல்லது இஎ-டெ-மொ. இல் + உம் என்று நாம் அடுக்குவதைப் போலவே அவர்களும் அடுக்குகிறார்கள்.

ஆனால் 'ஐ + உம்' அங்கே இல்லை. மீனையும் சாப்பிட்டேன் என்பது ஸகன-மொ தபெத. 'மொ' வந்தால் 'ஒ'வும் 'க'வும் மறைந்துவிடும். 'வ' வந்தாலும் அதே கதை. மற்ற இடைச்சொற்கள் மறையாமல் முன்னால் நிற்கும்: நி-வ, டெ-வ, கர-மொ.

சாதாரணமாக இரண்டு பெயர்களை இணைக்க 'மொ... மொ' என்று சொல்லாதீர்கள். நம் உம்மையை அப்படியே மாற்றுவதால் வரும் தவறு இது. பன்-மொ தமகொ-மொ என்றால் 'ரொட்டி, முட்டை இரண்டையுமே' என்று அழுத்தம் விழும். வெறும் பட்டியலுக்கு 'தொ' போதும்.

10. 'எனக்கு' வாக்கியங்கள்: தமிழருக்குக் கிடைத்த குறுக்குவழி

எனக்குப் பூனை பிடிக்கும். எனக்குப் பணம் வேண்டும். எனக்கு ஜப்பானிய மொழி புரியும். எனக்குத் தலை வலிக்கிறது. எனக்குச் சமையல் வரும்.

இந்த ஐந்திலும் 'நான்' எழுவாயாக இல்லை. பூனை, பணம், மொழி, தலை, சமையல் எல்லாம் உருபு இல்லாமல் நிற்கின்றன. அந்த உருபு இல்லாத சொல்லுக்குத்தான் ஜப்பானியத்தில் 'க' சேர்கிறது: நெகொ-க ஸுகி, ஒகனெ-க ஹொஷீ, நிஹொங்கொ-க வகரு, அதம-க இதை, ர்யோரி-க டெகிரு. 'நான் பூனையை விரும்புகிறேன்' என்று ஆங்கில வழியில் யோசித்தால்தான் 'நெகொ-ஒ' என்ற தவறு வரும். தமிழிலேயே 'பூனையைப் பிடிக்கும்' என்றும் சொல்கிறோம். ஜப்பானியத்துக்குப் போகும்போது மட்டும் அந்த 'ஐ'யைக் கழற்றிவிடுங்கள்.

'எனக்கு' என்பதற்கு வதஷி-வ போடுங்கள். புரிவது, முடிவது, உறவினர் இருப்பது ஆகியவற்றில் வதஷி-நி-வ என்றும் வரலாம்: வதஷி-நி-வ அனி-க இரு, எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். 'ஸுகி', 'ஹொஷீ', 'இதை' மூன்றிலும் அந்த 'நி' வராது.

11. 'வ'வும் 'க'வும்

பாடநூல்கள் 'வ'வை முதல் பாடத்திலேயே கொண்டுவந்து விடுகின்றன. நான் அதை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருக்கிறேன். மற்றவை யார், எதை, எங்கே என்று வினையோடு உள்ள உறவைச் சொல்கின்றன. 'வ' அந்த வேலையைச் செய்வதே இல்லை. 'இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்' என்று கேட்பவருக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். அது எழுவாய் உருபு என்று மனதில் பதிந்துவிட்டால் பிறகு பிடுங்குவது கடினம்.

நம் பேச்சில் இதற்குச் சரியான ஒரு வடிவம் இருக்கிறது. 'தம்பியா, அவன் வெளியே போயிருக்கிறான்.' 'மீனா (மீன் + ஆ), சாப்பிட்டாச்சு.' கேள்வி போல இருந்தாலும் அந்த 'ஆ' கேள்வி அல்ல. பேச்சை எடுத்து நடுவில் வைக்கிறது. ஸகன-வ தபெத என்பது அந்த 'மீனா, சாப்பிட்டாச்சு'தான். மீன் சாப்பிடவில்லை, மீனைச் சாப்பிட்டோம். 'வ' இருந்தும் அது எழுவாய் இல்லை.

இரண்டில் எதைப் போடுவது என்று குழம்பும்போது கீழே உள்ளவற்றை இதே வரிசையில் கேட்டுப் பாருங்கள். முதலில் ஒத்துப்போவதை எடுத்துக்கொள்ளலாம்.

கேள்விச்சொல் எழுவாயா? அப்படியானால் 'க'தான். டரெ-க கிமஷித-க? யார் வந்தார்கள்? யாரென்றே தெரியாத ஒருவரைப் பேச்சுப்பொருளாக நடுவில் வைக்க முடியாது, அதனால் 'வ' வராது. பதிலிலும் 'க'தான்: தனக-ஸன்-க கிமஷித. நம் 'தனகாதான் வந்தார்' என்பதில் உள்ள 'தான்' இது. வதஷி-வ என்று தொடங்கினால் 'நான்...', வதஷி-க என்று தொடங்கினால் 'நான்தான்...'. தன்னை அறிமுகம் செய்யும்போது 'க' போட்டால் ஏதோ மறுப்புச் சொல்வது போல ஆகிவிடும்.

பெயரெச்சத் தொடருக்கு உள்ளே இருக்கிறதா? 'அம்மா செய்த கேக்' என்பதில் அம்மாவுக்கு 'க': ஹஹ-க த்ஸுகுத்த கேகி-வ ஒஇஷீ, அம்மா செய்த கேக் ருசியாக இருக்கிறது. பேச்சுப்பொருள் வெளியே இருக்கும் கேக்தான், அதனால் 'வ' அதற்குப் போகிறது. நம் பெயரெச்சமும் பெயருக்கு முன்னால்தான் வரும் என்பதால் அமைப்பு அப்படியே பொருந்துகிறது.

கண்ணில் பட்டதை அப்படியே சொல்கிறீர்களா? அமெ-க ஃபுத்தெ இரு, மழை பெய்கிறது. பஸு-க கித, பஸ் வந்துவிட்டது. எல்லாமே புதுச் செய்தி, 'க'.

ஒன்றோடு ஒன்றை எதிர்வைக்கிறீர்களா? அப்போது 'வ'. 'அண்ணனோ வந்தான், தம்பியோ வரவில்லை' என்ற எழுத்துநடையின் ஓகாரம் இதுதான்: அனி-வ கித, ஒதோதொ-வ கொனகத்த. எதிர்மறை வாக்கியங்களில் 'வ' அதிகம் வருவதும் இதனால்தான். கோஹீ-வ நொமனை என்றால் காபி குடிக்க மாட்டேன், வேறு எதுவோ குடிப்பேன் என்ற தொனி.

முதல் முறை சொல்கிறீர்களா, மறுமுறையா? பாட்டி கதைகளின் தொடக்கத்தைப் பாருங்கள். முகஷி முகஷி, ஒஜீஸன்-தொ ஒபாஸன்-க இமஷித. முன்னொரு காலத்தில் ஒரு தாத்தாவும் பாட்டியும் இருந்தார்கள். அடுத்த வரியில் தாத்தா மீண்டும் வரும்போது ஒஜீஸன்-வ ஆகிவிடுகிறார். நாம் 'ஒரு தாத்தா' என்று அறிமுகம் செய்து, பிறகு வெறும் 'தாத்தா' என்கிறோம். 'ஒரு' இருந்த இடத்தில் 'க', 'ஒரு' போன பிறகு 'வ'.

இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருவதும் சகஜம். ஜோ-வ ஹன-க நகை, யானைக்கு மூக்கு நீளம். பேச்சு யானையைப் பற்றி. நீளமாக இருப்பது மூக்கு. பத்தாவது படியின் 'எனக்கு' வாக்கியங்களும் இதே வார்ப்புதான்.

அப்புறம் ஒன்று. ஒவ்வொரு வாக்கியத்தையும் வதஷி-வ என்று தொடங்காதீர்கள். நம் வினையில் 'போனேன்' என்று ஆள் தெரிகிறது, அவர்கள் வினையில் தெரியாது. அதனால் பயந்துபோய் எல்லா வரியிலும் 'நான்' போடுகிறோம். ஒரு முறை சொன்னால் போதும். பேச்சு வேறு ஆளுக்கு மாறும் வரை அது நிற்கும்.

12. வாக்கியக் கடைசி: க, நெ, யொ

'க' நம் கேள்வி 'ஆ'. 'நெ' என்பது 'இல்லையா', 'அல்லவா' என்று ஒப்புதல் கேட்பது. 'யொ' என்பது கேட்பவருக்குத் தெரியாததை அழுத்திச் சொல்வது. பெரியவர்களிடம் 'யொ'வைக் குறைவாகப் பயன்படுத்துங்கள், அவர்களுக்குப் பாடம் எடுப்பது போலத் தொனிக்கும்.

13. ஒரு வாக்கியத்தை முழுவதும் செய்து பார்ப்போம்

'நேற்று நண்பனோடு ரயிலில் ஓசகாவுக்குப் போய், ஒரு சின்னக் கடையில் மீன் சாப்பிட்டேன்.'

கடைசி வினை சாப்பிட்டேன். எதை? மீனை. தமிழில் 'ஐ' மறைந்திருக்கிறது, ஜப்பானியத்தில் வெளியே வரும்: ஸகன-ஒ. கடை வெறும் களம்: மிஸெ-டெ. சின்ன என்பது பெயரடை, 'நொ' வேண்டாம். அடுத்த வினை போய். ஓசகா சேரும் புள்ளி: ஓஸக-நி. ரயில் கருவி: டென்ஷ-டெ. நண்பனோடு: தொமொடச்சி-தொ. நேற்றுக்கு ஒன்றும் வேண்டாம்.

கினோ தொமொடச்சி-தொ டென்ஷ-டெ ஓஸக-நி இத்தெ, சீஸை மிஸெ-டெ ஸகன-ஒ தபெமஷித.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் (JLPT) தொடக்க நிலையான N5 தேர்வில் இடைச்சொல்லை நிரப்பச் சொல்லும் கேள்விகளுக்கும், கலைத்துக் கொடுத்த சொற்களை வரிசையாக்கச் சொல்லும் கேள்விகளுக்கும் இதே முறைதான்: கடைசியிலிருந்து முன்னோக்கி வாருங்கள்.

இனி இந்த மூன்றையும் விடையைப் பார்க்காமல் செய்து பாருங்கள்: ஓசகாவில் நண்பன் இருக்கிறான். ஓசகாவில் நண்பனைச் சந்தித்தேன். ஓசகாவில் ரயிலிலிருந்து இறங்கினேன்.

விடைகள்: ஓஸக-நி தொமொடச்சி-க இரு. ஓஸக-டெ தொமொடச்சி-நி அத்த. ஓஸக-டெ டென்ஷ-ஒ ஒரித. மூன்றாவதில் 'ஓஸக-நி' என்று எழுதியிருந்தால் ஐந்தாவது படிக்குத் திரும்பிப் போங்கள். இறங்குவது ஓசகாவில் நடக்கிறது. விட்டுப் பிரிவது ரயிலை.